பேர் சொல்லிக் கோத்த துண்டு

மானிப்பாய்,
11.8.1973, சனிக்கிழமை.

என் அன்புப் பூரணம்,

நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்கவேண்டும் என்று எண்ணியபடி இதைத் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம்.

இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கிணற்றடிக்குப் போய் என் கைகளை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பிறகு பாதித் தேசிக்காயால் விரல் இடுக்குகளைத் தேய்த்தேன். மணந்து பார்த்தேன். இன்னும் இருந்தது. நேற்று மாலை மீன் வலையைத் தொட்ட கைகள் இவை. எங்கள் வீடு மச்சம் புழங்காத வீடு என்பது உனக்குத் தெரியும். சென்னையில் விடுதிச் சாப்பாட்டு மேசையில் மீன் கறி வரும் நாளில் நான் நாற்காலியை யன்னலோரம் இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்து நீ சிரிப்பாயே. நேற்றுச் சாப்பிட இருந்தபோது இவர் மூக்கைச் சுளித்து, "எங்கையோ மச்ச மணம் வருது. பூனை ஏதோ கொண்டுவந்திட்டுது போலை" என்று சொல்லி, ரோர்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குக் கீழெல்லாம் தேடினார். பழியைப் பூனை சுமந்தது.

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன். கணவர் காலமான பிறகு ரயில்வேயிலிருந்து வந்த பணம் வங்கியில் சும்மா கிடக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக உன் கையில் ஒரு தொகை. அதை எதில் போடுவது, எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தாய். மைத்துனர் அருட்பிரகாசம் ஒரு றப்பர்க் காணி காட்டியிருக்கிறார், ஒரு பெண் கந்தோர் கந்தோராக அலையவேண்டாம் என்று உறுதிப் பத்திரத்தைத் தன் பெயரிலேயே முடிக்கலாம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரி நகை வாங்கச் சொல்கிறாள் என்றெல்லாம் எழுதிவிட்டு, "நீ கணிதம் படிப்பிக்கிறவள், நீ சொல்" என்று முடித்திருந்தாய்.

கணிதம் படிப்பிக்கிறவள்! இருபத்திரண்டு வருடமாகக் கூட்டுவட்டியைக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். 'ஒருவன் ஆயிரம் ரூபாவை ஐந்து வீதப்படி முதலிடுகிறான்.' அந்த ஒருவன் எப்போதும் ஆண்தான். நானும் ஒருநாளாவது அதை 'ஒருத்தி' என்று மாற்றி எழுதியதில்லை. என் சம்பளத்தை மாதம் பிறந்தால் இவர் கையில் கொடுப்பேன். இவர் தபாற்கந்தோர் உத்தியோகத்தர் அல்லவா, அங்கேயே சேமிப்புப் புத்தகத்தில் போட்டுவிடுவார். ஒரு சதமும் வீணாக்காத மனிதர். நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தின் நிறத்தைத் தவிர அதைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் சீதனக் காணியும் அப்படித்தான். பெயர் என்னுடையது, விற்பதானால் இவர் கையெழுத்தும் வேண்டும்.

எனக்கென்று இருந்தது ஒன்றே ஒன்று. பாடசாலை முடிந்தபின் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வந்த காசு. ஐம்பது ரூபாத் தாளாக மாற்றி, பழைய கேத்திரகணிதப் புத்தகத்தின் நடுவில் வைத்திருந்தேன். இவர் அந்தப் புத்தகத்தைத் தொடமாட்டார் என்பது எனக்கு நிச்சயம்.

1970 ஐப்பசியில் ஐம்பது ரூபா, நூறு ரூபாத் தாள்கள் இனிச் செல்லாது, வங்கியில் கொடுத்து மாற்றவேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது நினைவிருக்கும். கடல் தாண்டி அங்கேயும் பத்திரிகையில் வந்திருக்கும். நான் சுன்னாகத்தில் பஸ்ஸால் இறங்கி, தலையைக் குனிந்தபடி வங்கி வரிசையில் நின்றேன். தெரிந்தவர் யாரும் பார்க்கக்கூடாது என்ற பயம். அப்போதுதான் பின்னாலிருந்து, "என்ன ரீச்சர், நீங்களும் புதைச்சு வைச்சனீங்களோ?" என்று ஒரு குரல் கேட்டது.

அது இரத்தினம்மா. நான் படிப்பிக்கும் மயிலிட்டிப் பாடசாலைக்குப் பின்வளவில்தான் அவர் வீடு. என் வயதுதான். மூத்த மகள் என்னிடம் படித்தவள். கணவர் ஆழ்வாப்பிள்ளை கடலுக்குப் போகிறவர். இரத்தினம்மா தன் சின்னம்மாவுக்குத் துணையாக வரிசையில் நின்றார். உங்களுடைய தாள் எங்கே என்று கேட்டேன். "என்ரை காசு கடலுக்கை கிடக்குது ரீச்சர். அதை ஆரும் செல்லாது எண்டு அறிவிக்கேலாது" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரிலும் முகத்தில் கவலை இல்லாத ஒரே மனுசி அவர்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் என் ஏழு தாள்களையும் மாற்றினேன்.

கடலுக்குள் கிடக்கும் காசு என்ன என்று அறிய எனக்கு ஒரு மாதம் எடுத்தது. ஒரு வள்ளத்தின் வலை ஒரே வலை அல்ல, பூரணம். இருபது துண்டுகளை ஓரத்தோடு ஓரம் கோத்து ஒரு நீள வலையாக்குகிறார்கள். அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொருவருடையதாக இருக்கலாம். கடலில் கால் நனைக்காதவர்களும் ஒரு துண்டு வாங்கிப் போடலாம். பிடித்த மீனை விற்று, எண்ணெய்ச் செலவைக் கழித்து, போய்வந்தவர்களுக்கு ஒரு பங்கு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பார்கள். வலையின் பங்கு துண்டுகளுக்குச் சமனாகப் போகும். எந்தக் கையெழுத்தும் வேண்டாம். முந்நூறு ரூபா இருந்தால் போதும். வங்கியில் மாற்றிய காசில் நானும் ஒன்றை எடுக்கத் துணிந்தேன்.

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் துண்டில் எத்தனை மீன் பட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். "மீனுக்கு வாசிக்கத் தெரியுமே ரீச்சர், ஆரின்ரை துண்டெண்டு பாத்துப் பட?" என்றார். அப்படியிருந்தும் நான் விடவில்லை. என் துண்டின் மூலையில் ஒரு பச்சை நூல் கட்டவேண்டும் என்றேன். கட்டினார்.

இன்னொரு நிபந்தனையும் போட்டேன். என் பெயர் எங்கும் வரக்கூடாது. மச்சம் தின்னாத வீட்டுப் பெண், கோயில் பரிபாலன சபையில் இருப்பவரின் மனைவி, வலையில் பங்கு வைத்திருக்கிறாள் என்று மானிப்பாயில் கேள்விப்பட்டால் என்ன கதைப்பார்கள்? கடதாசி எதுவும் எழுதவேண்டாம், எல்லாம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். "ஓம், ஓம். உங்கடை காசு முதல் நீந்தப் பழகட்டும்" என்றார்.

பூரணம், பணத்தை எப்படி நடத்துவது என்று ஐந்தாம் வகுப்போடு நின்ற அந்த மனுசியிடம் நான் கண்டதை எந்தக் கல்லூரியிலும் காணவில்லை. தன்னுடைய ஆறு துண்டுகளை அவர் ஒரே வள்ளத்தில் போட்டதில்லை. மூன்று வள்ளங்களில் இரண்டு இரண்டாகப் போட்டிருந்தார். கணவர் போகும் வள்ளத்திலும் இரண்டுதான். ஆழ்வாப்பிள்ளைக்கு அதில் மனத்தாங்கல். "அவர் கடலைப் பாக்கட்டும், நான் கரையைப் பாக்கிறன்" என்பார் இரத்தினம்மா. பங்குக் காசு வந்த அன்றே ஒரு பகுதியைக் கிழிந்த வலை பொத்துவதற்கென்று வேறு டப்பாவில் போடுவார்; சோறு இல்லாவிட்டாலும் அந்த டப்பாவைத் தொடமாட்டார். நைலோன் வலை நாலு ஐந்து வருடத்தில் செத்துவிடும், முதல் துண்டு சாகுமுன் அடுத்த துண்டு பிறந்திருக்கவேண்டும் என்று சொல்வார். வாடைக் காற்றுக்குக் கடல் கொந்தளித்து வள்ளங்கள் கரையிலேயே கிடந்த முதல் மார்கழியில் ஒரு சதமும் வரவில்லை. நான் பயந்துபோய், துண்டை விற்றுக் காசைத் திருப்பித் தரமுடியுமா என்று கேட்டேன். "அரிசி வாங்கிற காசையோ ரீச்சர் போட்டனீங்கள்? இல்லைத்தானே. அப்ப காத்துக்கு வேலை இருக்கு, அது தன்ரை வேலையைச் செய்யட்டும்" என்றார். தையில் மீன் வந்தது.

நட்டமும் பார்த்தேன். மறைத்தால் நீ என்னை நம்பமாட்டாய். அடுத்த வருடம் ஒருநாள், தூரத்தால் போன கப்பல் ஒன்று வலையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஏழு துண்டுகள். அதில் என்னுடையதும் ஒன்று. பஸ் நிற்குமிடத்தில் இரத்தினம்மா வந்து சொன்னார்: "ரீச்சர், உங்கடை துண்டு போயிட்டுது. என்ரை ரண்டும் போயிட்டுது. அழுறதெண்டால் இண்டைக்கே அழுது முடியுங்கோ. நாளைக்குப் புது வலைக்குக் காசு கட்டவேணும்." நான் பஸ்ஸில் உட்கார்ந்து சுன்னாகம் வரும்வரை அழுதேன். வீட்டில் தலையிடி என்று சொன்னேன். மறுநாள், அதுவரை வந்த பங்குக் காசோடு இரண்டு மாத ரியூசன் காசையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்போது எனக்கு நாலு துண்டுகள் இருக்கின்றன. இரண்டு வள்ளங்களில். வெளியிலிருந்து நைலோன் வருவது குறைந்துவிட்டதால், முந்நூறு ரூபாவுக்கு வாங்கிய துண்டை இன்று எண்ணூறுக்குக் கேட்கிறார்கள். இந்த உலகத்தில் நானே உண்டாக்கிய பணம் அவ்வளவுதான். அதற்கு அத்தாட்சி என்று என்னிடம் இருந்தவை நாலு பச்சை நூல்கள்.

இனி நான் எழுதப்போவது எனக்குப் பெருமையானதல்ல.

போன திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனபோது, எங்களோடு படிப்பிக்கும் குணலட்சுமி சொன்னாள்: இரத்தினம்மாவின் வயிற்றில் கட்டியாம், சனிக்கிழமை காரில் ஏற்றி மானிப்பாய் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், பெரிய ஒப்பரேசனாம், கடவுள்தான் காப்பாற்றவேண்டுமாம். அதைக் கேட்டவுடன் எனக்கு முதலில் வந்த நினைவு இரத்தினம்மா அல்ல. என் நாலு துண்டுகள். கடதாசி இல்லை, பெயர் இல்லை, சாட்சி இல்லை. அவர் கண்ணை மூடினால் அந்தப் பிள்ளைகளிடம் நான் எதைக் காட்டிக் கேட்பேன் என்று நினைத்தேன். இரண்டாவதாகத்தான் அவர் நினைவு வந்தது. அந்த இரண்டு நினைவுகளுக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். ஆனாலும் வரிசை அதுதான். அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

அன்று மாலையே ஆசுபத்திரிக்குப் போனேன். மயக்கம் தெளியாமல் கிடந்தார். ஆழ்வாப்பிள்ளை கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி நின்றார். அந்த மனிதரிடம் வலையைப் பற்றிக் கேட்காமலே திரும்பினேன். புதன்கிழமையும் போனேன், காய்ச்சல் என்று உள்ளே விடவில்லை. இரண்டு நாளும் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டு இருந்தேன். இவர் உடம்புக்கு என்ன என்று கேட்டார். என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்றா, என் காசு சாகக் கிடக்கிறது என்றா?

நேற்று, வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்டதும் பஸ்ஸுக்குப் போகாமல் கடற்கரைக்கு நடந்தேன். இவ்வளவு வருடம் அந்தப் பாடசாலையில் படிப்பித்திருக்கிறேன். கரைக்கு இறங்கியது நேற்றுத்தான் முதல் தடவை. பச்சை நூல் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும், வேறு நோக்கம் இல்லை. வலையை விரித்துப்போட்டு ஏழெட்டுப் பேர் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் சேலைத் தலைப்பை மூக்கில் பிடித்தபடி எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டு நிற்க, வள்ளத்துக்குப் பொறுப்பான கந்தப்பு என்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கோ ரீச்சர். துண்டு பாக்க வந்தனீங்களோ? இதிலை ஏழாவதும் எட்டாவதும் உங்கடை. மற்ற ரண்டும் உந்தா, கனிசியஸின்ரை வள்ளத்து வலையிலை" என்றார்.

உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வி விளங்கவில்லை. "ஆர் சொல்லுறது? கோக்கேக்கை பேர் சொல்லித்தானே கோத்தது. 'மானிப்பாய் ரீச்சரின்ரை துண்டு' எண்டு இரத்தினமக்கா எல்லாருக்கும் முன்னாலை மூண்டு தரம் கூப்பிட்டவ. பேர் சொல்லாத துண்டு எங்கடை வலையிலை ஏறாது ரீச்சர்" என்றார். வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு வயதானவர் தலை நிமிராமலே, "மூண்டு வருசமாய்ப் பேரைக் கேக்கிறம், ஆளை இண்டைக்குத்தான் காணுறம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கந்தப்பு மடியிலிருந்து பத்திரிகைத் துண்டில் சுற்றிய காசை எடுத்து நீட்டினார். இரத்தினம்மா காரில் ஏறும்போது, அந்த நோவுக்குள்ளும், இரண்டு கிழமைப் பங்கை ரீச்சரிடம் கொடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

மயிலிட்டிக் கரை முழுவதற்கும் தெரியும், பூரணம். மூன்று வருடமாகத் தெரியும். என் வீட்டில் மட்டும்தான் தெரியாது. நான் குனிந்து ஏழாவது துண்டின் மூலையைத் தூக்கினேன். பச்சை நூல் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகிப் போயிருந்தது. அதை நம்பியா நான் மூன்று வருடம் நித்திரை கொண்டேன்? வலையை இரண்டு கையாலும் பிடித்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன்.

இன்று காலை கை கழுவிய பிறகு, இவருக்குப் பூசைக்குப் பூ எடுத்துக் கொடுத்துவிட்டு ஆசுபத்திரிக்குப் போனேன். இரத்தினம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. தலையணையில் சாய்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிழைத்துவிட்டார் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். நான் எதையும் ஒளிக்கவில்லை. கரைக்குப் போனதையும், எதற்காகப் போனேன் என்பதையும், எனக்கு முதலில் எந்த நினைவு வந்தது என்பதையும் சொல்லிவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். தையல் பிரிந்துவிடாமல் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். "போய்ப் பாத்தியளோ? நல்லது. மூண்டு வருசம் பிந்திப் போனியள்" என்றார்.

என் பெயர் வரக்கூடாது என்று சொன்னேனே, ஏன் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "நான் செத்தால் என்ரை பெடியளோடை உங்களுக்குச் சண்டை பிடிக்கத் தெரியுமோ ரீச்சர்? தெரியாது. அதுதான் கூப்பிட்டனான்." பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "சொல்லியிருந்தால் அண்டைக்கே துண்டைக் கழட்டச் சொல்லியிருப்பியள்" என்றார். உண்மைதான். சொல்லியிருப்பேன். என்னிடமிருந்தே என் காசைக் காப்பாற்றியிருக்கிறார் அந்த மனுசி. என் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சுவரை இனி நான் எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

நான் எழும்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "கரையிலை உங்களை எல்லாரும் மானிப்பாய் ரீச்சர் எண்டுதான் சொல்லுறது. உங்கடை முழுப்பேர் எனக்கும் தெரியாது, பாருங்கோ." இருபத்திரண்டு வருடம் பாடசாலை மதிலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்திருக்கிறோம். கனகாம்பிகை என்றேன். அவர் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "நீளமாய்க் கிடக்கு. மூண்டு தரம் கூப்பிட மூச்சு வேணும்" என்றார்.

நீ கேட்டதற்கு இதுதான் என்னிடம் இருக்கும் பதில். வலையில் போடு என்று நான் சொல்லவில்லை. அங்கே உனக்கு எது பொருத்தம் என்று நீதான் அறிவாய். றப்பர்க் காணி நல்லதாகவும் இருக்கலாம். முழுவதையும் ஒரே இடத்தில் போடாதே. பிள்ளைகளின் சோற்றுக்கும் படிப்புக்கும் வேண்டியதைத் தொடாதே. சிறிதாக ஒன்றைப் போட்டு ஒரு வாடையையும் ஒரு கோடையையும் பார். ஆனால் அந்த உறுதியை அருட்பிரகாசத்தின் பெயரில் எழுதவிடாதே, பூரணம். அவர் நல்லவராக இருக்கலாம். இரத்தினம்மாவும் நல்லவர்தான்; நல்லவராக இருந்தபடியால்தான் என் பெயரைக் கூப்பிட்டார். கந்தோருக்கு அலையவேண்டுமானால் அலை. கால் நோகட்டும். உன் பெயரை உன் காது கேட்க யாராவது வாசிக்கவேண்டும்.

வருகிற புதன்கிழமை கனிசியஸின் வள்ளத்துக்குப் புது வலை கோக்கிறார்கள். கந்தப்பு கொடுத்த காசையும் கேத்திரகணிதப் புத்தகத்தில் இருப்பதையும் சேர்த்து ஐந்தாவது துண்டை வாங்கப்போகிறேன். இரத்தினம்மாவால் அன்று வரமுடியாது. ஆகவே பெயரை நானே கூப்பிடவேண்டும். மூன்று தரமும் கூப்பிடுவேன், முழுப்பெயரையும். நாளை பூசை முடிந்து இவர் சாப்பிட உட்காரும்போது எல்லாவற்றையும் சொல்லி, புதன்கிழமை என்னோடு வரும்படி கேட்கப்போகிறேன். வந்தால் சந்தோசம். வராவிட்டாலும் நான் போவேன். இதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, இரத்தினம்மாவுக்குக்கூட.

அன்று திரும்பி வரும்போது கையைக் கழுவாமலே பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வருவேன். அந்தப் பூனை பாவம், அது எதையும் கொண்டுவரவில்லை.

உன் கைகள் தொடுவது எதுவும் உன்னுடையதாகவே இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

என்றும் உன்
கனகாம்பிகை